கத்திக்குப் பின் கஞ்சி

ஒரு கிண்ணம் கஞ்சியின் பொருட்டு ஒரு வீட்டில் மூன்று நாள் பேச்சு நின்றுபோகுமா என்று கேட்டால், போகும் என்றே சொல்வோம். சென்ற ஆவணியில் நம் வீட்டில் அது நடந்தது. நம் தமக்கையாருக்கு வயது 52. நெடுநாள் சர்க்கரை நோயாளி. மூட்டுவலியால் கோயில் படி ஏறுவதையே விட்டுவிட்டவர். எடை 118 கிலோ. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பதற்கான அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்காம் நாள் வீடு திரும்பினார். கையில் மருந்துச் சீட்டோடு இரண்டு பக்க உணவுத் தாள் ஒன்றும் இருந்தது. மறுநாள் காலை நம் அன்னையார் நொய்யரிசியை வறுத்து, சீரகம் தட்டிப் போட்டு, குழையக் காய்ச்சிய கஞ்சியை வெள்ளிப் பாலாடையில் எடுத்து வந்தார். தாளைப் பார்த்த தமக்கையின் மகள், "இது இப்போ கூடாதுங்க அம்மாயி" என்றாள்.

"நாலு பிரசவத்துக்கும் மூணு டைபாய்டுக்கும் இந்தக் கஞ்சிதான் கண்ணு குடுத்தேன். யாரு செத்துப்போனாங்க?" என்று கேட்டுவிட்டு அன்னையார் அடுக்களைக்குள் போனவர்தான். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

நாம் தமிழ் இலக்கியம் கற்பிக்கிறோம், மருத்துவம் அறியோம். இது மருத்துவ அறிவுரையும் அன்று. ஆயினும் இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டதால், அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, அந்தக் கஞ்சி எங்கிருந்து வந்தது என்று சில மாதங்களாகத் தேடிப் படித்தோம். படித்ததில் தேறியதைத் தமக்கையாரின் இசைவோடு இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தாள். அவருக்குச் செய்யப்பட்டது 'ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி'. இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். பெயர்க் காரணமும் அதுவே. அக்குழாய் கொள்ளும் அளவு 100 முதல் 150 மில்லி. தைத்த கோடு ஆறும்வரை அதன்மேல் கெட்டியான உணவு எதுவும் அழுத்தக் கூடாது. எனவே முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர். பின் ஏறத்தாழ இரண்டு வாரம் நீர்ம உணவு. அடுத்த இரண்டு வாரம் குழந்தைக்குக் கொடுப்பது போல மசித்த உணவு. அதன்பின் சில வாரம் மென்மையான உணவு. பிறகே வழக்கமான உணவு. நாட்கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்றே மாறும், வரிசை மாறாது. உணவோடு நீர் அருந்தலாகாது, அரைமணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். இவையெல்லாம் அன்னையாருக்கும் உடன்பாடே. பூசல் எழுந்தது ஒரே வரியில்: "ஒவ்வொரு வேளையும் புரதம் முதலில், நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம்."

மருத்துவ இதழ்களில் இத்தகைய சிகிச்சையின் வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் 10ஆம் நூற்றாண்டு எசுப்பானியாவிலிருந்து தொடங்குகிறார்கள். லெயோன் நாட்டு மன்னன் முதலாம் சாஞ்சோ. வரலாறு அவனுக்குச் சூட்டிய அடைமொழியே 'பருத்தவன்' என்பதுதான். 956இல் அரியணை ஏறினான். குதிரை ஏற முடியாத, வாள் வீச முடியாத உடம்பு. மன்னன் போர்த்தலைவனாகவும் இருக்க வேண்டிய காலம் அது. 958இல் பிரபுக்கள் அவனை நீக்கிவிட்டு வேறொருவனை அமர்த்தினார்கள். சாஞ்சோவின் பாட்டி, நவாரா நாட்டு அரசி தோடா, முதியவள். ஆனால் அரசியல் அறிந்தவள். கோர்தோபாவில் ஆண்ட கலீபா மூன்றாம் அப்துர் ரகுமான் அவளுக்கு மருமகன் முறை. கலீபாவின் தந்தையும் தோடாவும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். கிறித்துவ அரசி முசுலீம் கலீபாவிடம் பேரனுக்கு மருத்துவம் கேட்டாள். கலீபா தன் அவையிலிருந்த யூத மருத்துவர் அசுதாய் இப்னு சப்ருத்திடம் அவனை ஒப்படைத்தான். தியோஸ்கொரிதேசின் மூலிகை நூலை அரபியில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்ட பேரறிஞர் இவர். மருத்துவக் கட்டணம் பத்துக் கோட்டைகள்! மூன்று சமயத்தார் கூடி ஒருவன் வயிற்றைக் குறைத்த கதை இது.

குறைத்தது எவ்வாறு? சாஞ்சோவின் உதடுகளைத் தைத்துவிட்டு, நாற்பது நாள் குழல் வழியே நீர்ம உணவு மட்டும் கொடுத்தார்கள் என்று இன்றைய கட்டுரைகள் பல எழுதுகின்றன. பாடபேதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே உறுத்துகிறது. நிகழ்ச்சிக்கு அரை நூற்றாண்டளவில் பிற்பட்ட ஆயர் சாம்பிரோவின் இலத்தீன் வரலாற்றில் தையலும் இல்லை, நாற்பது நாளும் இல்லை. அவர்கள் ஒரு மூலிகை கொண்டுவந்தார்கள், அவன் வயிற்றுக் கொழுப்பு நீங்கியது என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். தையல் பிற்காலக் கைச்சரக்கு என்றே கருதுகிறோம். அது எப்படியிருப்பினும் சாஞ்சோ இளைத்தான். 960இல் நாட்டை மீட்டான். கலீபா மறைந்தபின் கோட்டைகளைத் தராமல் இழுத்தடித்தான். 966இல் நஞ்சூட்டப்பட்டு இறந்தான்.

கதையில் நாம் கருத வேண்டியது ஒன்றே. தையல் உண்மையோ பொய்யோ, கதை சொன்னவர்கள் மனத்தில் இளைக்கச் செய்வது நீர்த்த உணவுதான். உணவு எவ்வளவு மெலிந்திருக்கிறதோ உடம்பும் அவ்வளவு மெலியும். நம் அன்னையாரின் எண்ணமும் இதற்கு நெடுந்தொலைவில் இல்லை. உடம்பு குறையத்தானே இவ்வளவு பாடு, கஞ்சி குடித்தால் குறையாதா என்பது அவர் கேள்வி.

இக்கேள்வி தலைகீழாகும் இடம் 20ஆம் நூற்றாண்டு. இரைப்பையை வெட்டியும் மனிதன் பிழைப்பான் என்பதை உலகம் அறிந்தது 1881இல். அவ்வாண்டு வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய் கண்ட ஒரு பெண்மணியின் இரைப்பைப் பகுதியை நீக்கிக் குடலோடு இணைத்தார். அவர் சில மாதங்கள் வாழ்ந்தார். 1897இல் சூரிச் நகரில் கார்ல் சிலாட்டர் ஒரு மூதாட்டியின் இரைப்பையை முற்றாகவே நீக்கினார். அந்த அம்மையார் வயிறே இன்றி ஓராண்டுக்கு மேல் உண்டு வாழ்ந்தது அக்காலத்தில் உலகச் செய்தி. இவையெல்லாம் நோயை அகற்றச் செய்தவை. எடை குறைந்தது தீய பக்கவிளைவாகவே கருதப்பட்டது. உண்டதும் படபடத்து வியர்த்துத் துவண்டு விழும் கோளாறும் இந்நோயாளிகளிடம்தான் முதலில் காணப்பட்டது. இனிப்பு இரைப்பையில் தங்காமல் நேரே குடலில் கொட்டுவதால் வருவது அது. 'கொட்டுதல்' என்னும் பொருளில் 'டம்பிங்' என்ற பெயர் 1922இல் அதற்கு அமைந்தது. தமக்கையாரின் தாளில் பழச்சாறும் பாயசமும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்ததன் காரணம் இந்தப் பழைய நோயாளிகள்தாம்.

எடையைக் குறைப்பதற்கென்றே கத்தியை எடுத்தது பின்னால். 1954இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமனும் லின்னரும் குழுவினரும் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கி இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது, ஆனால் ஓயாத கழிச்சலும் சிறுநீரகக் கல்லும் ஈரல் சிதைவும் வந்தன. அம்முறை நாளடைவில் கைவிடப்பட்டது. ஐயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்ட பெண்கள் எவ்வளவு முயன்றாலும் எடை ஏறாதிருந்தார்கள். நெடுங்காலம் தீமை எனக் கருதப்பட்டதை மருந்தாக்கலாமே! 1966இல் அவரும் சிகாஷி இட்டோவும் இரைப்பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் 'காஸ்ட்ரிக் பைபாஸ்' செய்தார்கள். ஸ்லீவ் முறையோ முதலில் ஒரு பெரிய அறுவையின் பகுதியாக இருந்தது. மிகப் பருத்தவர்களுக்கு முதற்கட்டமாக அதை மட்டும் செய்து நிறுத்திப் பார்த்தபோது, பலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு படிக்கட்டு வீடாகிவிட்டது எனலாம்.

இங்கே ஓர் இலக்கியக் குறுக்கீட்டை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். மணிமேகலையில் காயசண்டிகை என்னும் விஞ்சை மகள், விருச்சிக முனிவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்துச் சாபம் பெறுகிறாள். பன்னீராண்டுத் தீராப் பசி. அந்நோய்க்கு யானைத்தீ என்று பெயர். எவ்வளவு உண்டாலும் அடங்காத அப்பசி அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் தீர்கிறது. பெரும்பசியை உண்பவரின் குற்றமாகப் பாராமல் நோயாகப் பார்த்த அந்தப் பார்வை வியப்புக்குரியது. 1999இல் சப்பானிய ஆய்வாளர் கோஜிமா குழுவினர் 'கிரெலின்' என்னும் சுரப்பைக் கண்டறிந்தார்கள். பசியைத் தூண்டும் இச்சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலிருந்து வருகிறது. ஸ்லீவ் அறுவையில் வெட்டி எடுக்கப்படுவதும் அப்பகுதியே. தமக்கையார் மூன்றாம் வாரம் சொன்னது: "பசியே இல்லை தம்பி. மணியைப் பார்த்துத்தான் சாப்பிடறேன். என்னமோ யாரு வீட்டு வயித்தையோ மாத்தி வச்ச மாதிரி இருக்குது." முப்பது ஆண்டுகள் தம் நாக்கையே பழித்துக்கொண்டிருந்தவர் அவர். சாப்பாட்டுப் பந்தியில் உறவினர்கள் அவர் இலையைப் பார்க்கும் பார்வையை நாம் கண்டிருக்கிறோம். கண்டும் ஒன்றும் சொன்னதில்லை.

பசி எழாதவர் நாளெல்லாம் உண்ணக்கூடியது அரை லிட்டரளவு என்றால், அதற்குள் எதை வைப்பது? இதுவே தாளின் உட்பொருள். எடை குறைவதைக் கத்தி பார்த்துக்கொள்கிறது. உணவு அவ்வேலையைச் செய்யத் தேவையில்லை. கொழுப்பு கரையும் வேகத்தில் தசையும் உடன் கரைந்துவிடாமல் காப்பதே இப்போது உணவின் வேலை. சாஞ்சோவுக்கு ஊட்டிய நீர்த்த உணவுக்கும் தமக்கையின் மசித்த உணவுக்கும் தோற்றம் ஒன்று. நோக்கம் நேர் எதிர். நொய்க்கஞ்சி 100 மில்லியில் அரிசி 10 கிராம் இருந்தால் அதிகம். அதில் புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. நாள் முழுதும் அரை லிட்டர் கஞ்சியே குடித்தாலும் நான்கு கிராம். வேண்டியதோ அறுபது.

அப்படியானால் கஞ்சி பயனற்றதா? அவ்வளவு எளிதில் அதைத் தள்ளிவிட முடியாது. அதன் வரலாறு பெரிது. நம் பழைய இலக்கியத்தில் அதன் உறவான 'புற்கை' வறியவர் உணவாகவே வருகிறது. வள்ளுவர் அச்சொல்லை ஆண்டது மருந்து அதிகாரத்தில் அன்று, இரவச்சத்தில். ஆனால் நோயாளிக்குக் கஞ்சி என்பதும் பழவழக்கமே. கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர் 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில், வாந்திபேதி கண்டவர்க்கு மிளகும் சீரகமும் இட்ட அரிசி நீரைக் கொடுப்பதைப் பதிவு செய்து, அதன் பெயர் 'கஞ்சி' என்றும் எழுதுகிறார். ஆங்கிலேயர் நாவில் அது 'காஞ்சி' ஆயிற்று. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைத் தமிழ்ச்சொல்லாகவே காட்டுகிறது. போர்த்துக்கேயரோ சொல்லைக் கப்பலேற்றி ஊருக்கே கொண்டுபோனார்கள். இன்றும் போர்த்துகலிலும் பிரேசிலிலும் நோயுற்றவர்க்கு வைக்கும் கோழிச்சாற்று அரிசிக் கஞ்சிக்கு 'கான்ஜா' என்றே பெயர். நம் அன்னையாரிடம் இதைச் சொன்னோம். "கோழி போட்டுமா?" என்று மட்டும் கேட்டார். நான்காம் நாள் அவர் வாய் திறந்தது அப்படித்தான்.

அவர் அறியாமலே கேட்ட கேள்வி, கஞ்சியின் வரலாற்றில் மையமான கேள்வி. கஞ்சியோடு வேறென்ன?

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் இக்கேள்வி சென்னை மாகாணத்தில் உயிர்ப்பிரச்சினையாக எழுந்தது. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளர் கூலியைக் குறைத்தார். ஓர் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தின் விலையும் மேலே சிறு தொகையும் போதும் என்பது அவர் கணக்கு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். அளவு மட்டும் அவர் வாதமன்று. உழைக்கும் உடம்பின் தசையைக் காக்கப் பருப்பு முதலிய சத்தும் வேண்டும் என்றார். கோப்புகளில் இருவரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தபோது முகாம்களில் மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. நம் தமக்கையின் தாளில் இருந்த அந்த ஒற்றை வரியை அரசாங்கக் காகிதத்தில் ஒருவர் 1877இலேயே எழுதிப் போராடியிருக்கிறார் என்று அறிந்தபோது நாம் சற்று நேரம் மேலே படிக்கவில்லை.

அடுத்தது மலாயா. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி என்னும் நோய் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து சாவார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்க்கு நோய் வருகிறது. அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்க்கு அரிதாகவே வருகிறது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907இல் இதை நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் பிளெட்சர், ஒரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் மறுபகுதியினர்க்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். (இன்று அத்தகைய சோதனைக்கு எவரும் இசைவு தர மாட்டார்கள், பச்சரிசிப் பக்கத்தில் பலர் நோயுற்றார்கள், இறந்தார்கள்.) அதற்கு முன்பே, 1890 வாக்கில், சாவகத்தின் பத்தாவியா நகரில் எய்க்மான் என்னும் தச்சு மருத்துவர் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் தள்ளாடி விழுவதைக் கண்டிருந்தார். தவிட்டில் இருந்தது தயமின் என்னும் உயிர்ச்சத்து. 1926இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதை யாரும் அறிந்து செய்ததில்லை. ஆனால் நெல் அவித்த நம் பாட்டிமார் மலாயா வரை போய் உயிர் காத்திருக்கிறார்கள்.

இதை ஏதோ பெருமைக்காக எழுதவில்லை. தமக்கையாருக்கு நான்காம் வாரம் நேர்ந்தது இதன் தொடர்ச்சி. மசித்த உணவுக் காலம் முடிவதற்குள், ஒரு திருமண வீட்டில் 'இட்லிதானே' என்று இரண்டு விள்ளல் அவசரமாக விழுங்கிவிட்டார். அன்று தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. வெளியே சொல்லவும் வெட்கம். ஐந்தாம் நாள் நடை தடுமாறுவதாகச் சொன்னபோது மருத்துவமனைக்கு ஓடினோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவதற்கு முன் ஓர் ஊசி மருந்தை ஏற்றச் சொன்னார். அது தயமின். உடம்பு அதைச் சேமித்து வைப்பது இரண்டு மூன்று வார அளவுக்கே. குறைவாக உண்டு வாந்தியும் எடுப்பவருக்கு அது விரைவில் தீரும். அந்நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் எஞ்சியதும் செலவாகி மூளை தாக்குண்ணலாம். கண் நிலைகொள்ளாமை, நடைத் தடுமாற்றம், மனக்குழப்பம் எனும் அந்நிலையை முதலில் விவரித்தவர் கார்ல் வெர்னிக்கே. ஆண்டு 1881, பில்ரோத் இரைப்பையை வெட்டிய அதே ஆண்டு. வெர்னிக்கே கண்ட மூவரில் ஒருத்தி இளம் தையற்காரி. கந்தக அமிலம் குடித்து இரைப்பை கெட்டு, ஓயாமல் வாந்தி எடுத்தவள். அவளுக்கு என்ன குறைந்தது என்பதை அறிய உலகம் இன்னும் பல்லாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தமக்கைக்கு இரண்டு நாளில் நடை தெளிந்தது. அதுவரை நாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றபடி அந்தப் பெயரறியாத தையற்காரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மையார் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தார். அன்பை மறுக்க முடியுமா? ஆனால் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் எலும்பைக் காய்ச்சி எடுத்த செலட்டின் சூப்பை ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இறைச்சிக்கு மாற்றாக வழங்கினார்கள். அது மாற்றாகுமா என ஆராய மஜாந்தி தலைமையில் குழு அமைந்தது. செலட்டினை மட்டும் உண்ட நாய்கள் உயிர்தாங்கவில்லை என்று 1841இல் அக்குழு அறிக்கை தந்தது. ஆயினும் 1976இல் அமெரிக்காவில் இளைக்க விரும்பியவர்கள் மாட்டுத்தோல் முதலியவற்றிலிருந்து எடுத்த நீர்மப் புரதத்தை மட்டுமே அருந்தும் முறை ஒன்றில் பெருந்திரளாக வீழ்ந்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் ஏறத்தாழ 60 மரணங்கள் பதிவாயின. புரதம் என்று பெயர் இருந்தால் போதாது. உடம்புக்கு இன்றியமையாத கூறுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆட்டுக்கால் சூப்பு நாவுக்கு இதம், தசைக்கு ஆகாரமன்று. நாம் கற்பிக்கும் பிள்ளைகளில் பலரும் நம்பும் 'பருப்புத் தண்ணீரும்' இவ்வகையே. சத்தில் பெரும்பங்கு அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. வடித்த நீரில் இருப்பது மணம்.

அன்னையாருக்கு இவ்வளவையும் நாம் பாடமாக நடத்தவில்லை. கார்னிஷையும் கோழிகளையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்றது இதுக்குத்தானா?" என்றார். பழமொழியின் மூலப்பொருள் அதுதானா என்பதை நாம் விவாதிக்கப் புகவில்லை. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

அன்றிலிருந்து அடுக்களை அவர் கைக்குத் திரும்பியது. கொங்கு வீடுகளில் பருப்பைத் தாளித்துவிட்டுக் கரண்டியால் கலக்குவதில்லை. மண்சட்டியில் இட்டு மத்தால் கடைவார்கள். பச்சைப்பயறு கடைசல், கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல் என்று ஒரு வரிசையே உண்டு. மசித்த உணவு என்று தாள் கேட்டது இதைத்தானே! பயற்றையும் கொள்ளையும் முதல்நாள் ஊறவைத்து, குழைய வேகவைத்து, கடைந்து, தோல் நீங்கக் கண்ணறையில் ஒரு முறை தேய்த்து எடுத்தார். மிளகாய் இல்லை; சீரகமும் இரண்டு பல் பூண்டும் மட்டும். தொடக்கத்தில் கொள்ளு வயிற்றைப் பொருமச் செய்ததால் அதைப் பின்னுக்குத் தள்ளிப் பாசிப்பருப்பை முன்னே வைத்தார். 100 கிராம் கடைசலில் ஏழு கிராம் புரதம் கிடைத்தது. தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டால் நீர் வடிந்து வெண்ணெய் போலாகிவிடும்; அதில் புரதச் செறிவு இரட்டிப்புக்கு மேல். ஒரு முட்டையை நெய்யில்லாமல் பாலோடு அடித்து இளஞ்சூட்டில் கிளறினால் ஆறு கிராம். பன்னீரை உதிர்த்துப் பாலில் மசித்தார். ஆறாம் வாரத்தில் ஆவியில் வெந்த மீனை முள் நீக்கி உதிர்த்துப் பிசைந்து கொடுத்தார். மீன் சமைத்தே பழகாத அடுக்களை அது. இடையிடையே மருத்துவர் தந்த புரத மாவும் பாலில் கலந்து போயிற்று. அது இல்லாமல் முதல் மாதத்தில் அறுபதை எட்ட முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிர்ச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

கஞ்சியும் ஒழியவில்லை. எட்டாம் வாரம் புழுங்கல் நொய்யில் பாதி, பாசிப்பருப்பு பாதி சேர்த்து, மோர் விட்டுக் கெட்டியாகக் காய்ச்சினார். இரண்டு கரண்டி கடைசல் உள்ளே போனபின்தான் ஒரு கரண்டி கஞ்சி என்பது அவரே வகுத்த சட்டம்.

மாசியில் தமக்கையார் எடை 91 கிலோ. பேரூர்க் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். பாலாடை மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. கடைசல் அதில் இறங்காது என்பதால் இப்போது பேத்தியின் சிறு கரண்டி. "இன்னிக்கு எத்தனை கிராம் ஆச்சு?" என்று அன்னையார் ஒவ்வோர் இரவும் கேட்கிறார். அறுபதுக்கு இரண்டு குறைந்தாலும் பாலைச் சுடவைக்க எழுந்துவிடுகிறார்.